பதினெட்டு வயதுக்குப் பிறகு கூட நிற்பவர் யார்?

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் குழந்தைகள் இல்லங்களுக்குச் சாப்பாடு போடுகிறவர்களுக்குக் குறைவில்லை. பிறந்தநாள், திருமண நாள், பெற்றோரின் திதி என்று ஏதாவது ஒரு நாளைச் சொல்லி முன்கூட்டியே எழுதிவைத்துவிடுகிறார்கள். அன்று வடை, பாயசத்தோடு சாப்பாடு. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வாழ்த்துச் சொல்கிறார்கள். கொடுத்தவர் மனம் நிறைந்து வீடு திரும்புகிறார். இந்த ஈர மனத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால், அதே பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்து, பிளஸ் டூ தேறி, ஏதோ ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்து, ஒரு பையோடு இல்லத்தின் வாசலைத் தாண்டுகிற நாளில் கூடப் போக ஆள் இருப்பதில்லை. சாப்பாடு போட்ட அத்தனை குடும்பங்களில் ஒன்றுக்கும் அந்தப் பிள்ளை எங்கே சேர்ந்தது, என்ன படிக்கிறது, விடுமுறைக்கு எங்கே போகிறது என்று தெரியாது.

மேலை நாடுகள் பலவற்றில் பெற்றோரின் பராமரிப்பு இல்லாத குழந்தைகளில் பெரும்பாலானோர் அரசு ஏற்பாட்டில் வேறொரு குடும்பத்தில் வளர்கிறார்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவில் இந்த ‘வளர்ப்புப் பராமரிப்பு’ நமக்கும் உண்டு. 2024-ல் திருத்தப்பட்ட மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் திருமணமாகாதவர்களும் தனியாக வாழ்கிறவர்களும்கூட இப்படிக் குழந்தைகளை வளர்க்கலாம் என்று கதவைத் திறந்திருக்கின்றன. ஆனால், நடைமுறையில் நம் பிள்ளைகள் வளர்வது இல்லங்களில்தான். அவர்களில் பலருக்குத் தாயோ தந்தையோ எங்கோ இருக்கிறார்கள். வறுமை, நோய், குடி, மறுமணம் என்று ஏதோ ஒரு காரணம் பிள்ளையை இல்லத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. பதினெட்டில் வெளியே வரும்போது, ‘வீட்டுக்குப் போ’ என்று சொல்ல ஒரு முகவரி இருக்கலாம். அங்கே படிக்க இடம் இருக்குமா என்பது வேறு விஷயம்.

சட்டம் இவர்களை முற்றிலும் மறந்துவிடவில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 46-ஆம் பிரிவில் பிற்காப்பு பற்றிப் பேசுகிறது. பதினெட்டு முடிந்து இல்லத்தை விட்டு வெளியே வருகிறவருக்கு 21 வயது வரை நிதியுதவி உள்ளிட்ட ஆதரவு தரலாம். தவிர்க்க முடியாத நிலையில் 23 வரை நீட்டிக்கலாம் என்று 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் சொல்கின்றன. ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் தற்காலிக வீடு, படிப்புக்கு உதவித்தொகை, தொழிற்பயிற்சி, கடன் வசதி ஆகியவற்றோடு, தொடர்ந்து தொடர்பில் இருக்கும் ஓர் ஆலோசகரையும் அந்த விதிகள் குறிப்பிடுகின்றன. குழந்தைகள் பாதுகாப்புக்கான ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. ஆனால் இவை எவையும் கட்டாயமில்லை. நிதி இருந்தால், கேட்க ஆள் இருந்தால், கோப்பு நகர்ந்தால் கிடைக்கும். அந்தக் ‘கேட்க ஆள்’தான் இங்கே இல்லாதது.

வயதுக் கணக்கையும் பாருங்கள். பதினெட்டு வயதில் பி.ஏ. சேர்ந்தால் 21-ல் முடியும். பொறியியல் என்றால் 22, ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு என்றால் 23. இடையில் ஓர் ஆண்டும் வீணாகாத பிள்ளைகளுக்கே இந்தக் கணக்கு. இல்லத்துக்கு வரும் முன் பள்ளியே போகாமல் இரண்டு மூன்று ஆண்டுகளைத் தொலைத்த பிள்ளைகள் ஏராளம். அவர்கள் பத்தொன்பதிலோ இருபதிலோ பிளஸ் டூ எழுதுவார்கள். பட்டம் வாங்கும் முன்பே பிற்காப்பின் 21 வயது வரம்பைத் தாண்டிவிடுவார்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கு 21 வயதில் ‘இனி உன் பாடு’ என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. வேலை கிடைத்த பிறகும் மாதக் கடைசியில் பணம் அனுப்புகிறோம்.

பணத்தைவிடப் பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறது. இல்லத்தில் எல்லாமே மணியடித்து நடக்கும். எழுவது, சாப்பிடுவது, படிப்பது, விளக்கணைப்பது எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. சோப்பும் எண்ணெயும் கையில் வந்துவிடும். பதினெட்டு வயது வரை ஒரு கடையில் பேரம் பேசியிருக்க மாட்டார்கள். வங்கியில் படிவம் நிரப்பியிருக்க மாட்டார்கள். ஒரு அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போவது, ‘நாளைக்கு வா’ என்றால் என்ன பதில் சொல்வது என்று கற்றிருக்க மாட்டார்கள். மற்ற பிள்ளைகள் இதையெல்லாம் அப்பாவின் பின்னால் நின்று, அத்தையோடு ரேஷன் கடைக்குப் போய், அக்காவின் கல்லூரி விண்ணப்பத்தை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். யாரும் பாடமாகச் சொல்லித்தருவதில்லை. குடும்பம் இருப்பதே போதும்.

இப்படி ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். விண்ணப்பத்தில் தந்தை பெயர், தொழில், ஆண்டு வருமானம் கேட்கிறது. வருமானச் சான்று வாங்க இ-சேவை மையம் போனால் குடும்ப அட்டை கேட்கிறார்கள். முதல் நாள் வகுப்பில் பக்கத்து இருக்கைப் பெண், ‘உங்கப்பா என்ன பண்றார்?’ என்கிறாள். அதற்கு ஒரு பதிலைத் தயாரித்து வைத்திருக்கிறாள். அந்தப் பதிலை மூன்று ஆண்டுகளும் மாற்றாமல் காப்பாற்ற வேண்டும். முதல் செமஸ்டரில் ஒரு அரியர் விழுகிறது. அரியர் என்பது எல்லோருக்கும் வருவது, அடுத்த முறை எழுதிவிடலாம் என்று சொல்ல ஆள் இல்லாததால், படிப்பே முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறாள். காய்ச்சலென்று அரசு மருத்துவமனைக்குப் போனால், ‘கூட யார் வந்திருக்கா?’ என்பதுதான் முதல் கேள்வி. தீபாவளிக்கு விடுதி காலியாகிறது, மெஸ் மூடப்படுகிறது. எல்லோரும் மத்தியப் பேருந்து நிலையம், பஞ்சப்பூர் என்று பை தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். அவளுக்குப் பயணச்சீட்டு எடுக்க ஊர் இல்லை.

இதே திருச்சியில் விடுதியின் பொருளை நன்றாக உணர்ந்த மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். 1950 முதல் 1954 வரை தூய வளனார் கல்லூரியில் படித்த அப்துல் கலாம், தன் வாழ்க்கை நூலில் அருட்தந்தை டி.என். செக்கீரா என்பவரை நினைவுகூர்கிறார். ஆங்கிலம் கற்பித்தவர், விடுதிக் காப்பாளரும் அவரே. நூறு மாணவர்கள் தங்கிய மூன்று மாடி விடுதியில் இரவுதோறும் ஒவ்வொரு மாணவனையும் நேரில் போய்ப் பார்ப்பாராம். தீபாவளியன்று அவர் சொல்படி அறை அறையாக எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் கொடுக்கப்பட்டதாம். ராமேஸ்வரத்தில் பாசம் மிகுந்த குடும்பம் கலாமுக்கு இருந்தது. பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது அக்கா ஜோஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். குடும்பமும் விடுதியும் இரண்டு பக்கமும் தாங்கிய மாணவன் அவர். ஒரு பக்கமும் இல்லாதவர்களுக்கு யார் எண்ணெய் கொண்டுபோவது?

இன்னும் பின்னால் போனால் ஸ்வார்ட்ஸ் இருக்கிறார். 1760-களின் தொடக்கத்தில் திருச்சியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பல படைவீரர்கள் இறந்தபோது, அவர்களுடைய அநாதைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தியவர் இந்த ஜெர்மானியப் பாதிரியார். பின்னர் தஞ்சாவூர் போனார். 1787-ல் துளஜா மன்னர் இறந்தபோது அவருடைய தத்துப் பிள்ளை சரபோஜிக்கு வயது பத்து. சித்தப்பாவின் ஆட்சியில் அந்தச் சிறுவன் கல்வியின்றி அடைத்து வைக்கப்பட்டபோது, கம்பெனி அதிகாரிகளிடம் கடிதம் மேல் கடிதம் எழுதி, மன்றாடி, அவனைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்ததில் ஸ்வார்ட்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. இதில் கம்பெனியின் அரசியலும் கலந்திருந்தது என்பது வரலாறு அறிந்தவர்களுக்குத் தெரியும். என்றாலும், அன்று மிரண்டு நின்ற சிறுவன்தான் சரஸ்வதி மகால் நூலகத்தை விரிவாக்கிய மன்னராக வளர்ந்தார். ஸ்வார்ட்ஸுக்கு அவர் தஞ்சையில் எழுப்பிய பளிங்குச் சிற்பம் இன்றும் இருக்கிறது. நான் இதில் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: பிள்ளைக்கு ஆசிரியராக இருப்பது பாதி வேலை. அவனுக்காக அதிகாரத்தில் இருப்பவர்களிடம் போய்ப் பேசுவதுதான் மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதியைச் செய்யத் திருச்சியைப் போலத் தகுதியான ஊர்கள் தமிழ்நாட்டில் குறைவு. பெல் நிறுவனம், பொன்மலை ரயில்வே பணிமனை, துப்பாக்கித் தொழிற்சாலை, வங்கிகள், காப்பீட்டு நிறுவனம், நூறாண்டு கண்ட கல்லூரிகள் என்று இந்த ஊர் எத்தனையோ ஆயிரம் பேரை ஓய்வுபெறச் செய்து வீட்டில் உட்காரவைத்திருக்கிறது. ஸ்ரீரங்கத்து அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகள் பெங்களூரிலோ நியூ ஜெர்சியிலோ இருக்க, காலையில் காவிரிக்கரை, மாலையில் கோயில் என்று நாள் கழிக்கும் அறுபது வயதுக்காரர்கள் எவ்வளவு பேர்! அவர்களுக்கு நேரம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, ஒரு விண்ணப்பம் எந்த அலுவலகத்தில், எந்த மேசையில், எதனால் தேங்கும் என்று முப்பது ஆண்டுகள் உள்ளே இருந்து கற்ற அறிவு இருக்கிறது. அந்த அறிவு இப்போது தன் பேரனின் பாஸ்போர்ட்டோடு முடிந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் பெற்றோரைப் பத்து வயதுக்கு முன்பே இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இல்லங்களிலும் பள்ளிகளிலும் சேர்க்கப்பட்ட ஆதரவற்ற பிள்ளைகளும் இடம்பெற்றிருக்கிறார்கள். சாதி தெரியாத ஒரு பிள்ளைக்கு இந்த ஒரு வரி கல்லூரி இடத்தையே தீர்மானிக்கக்கூடியது. ஆனால் இதைப் பிள்ளையும் அறியாது; பல நேரங்களில் படிவம் வாங்கும் ஊழியரும் அறியமாட்டார். வட்டாட்சியர் அலுவலகத்தில் அரசாணையின் நகலோடு பொறுமையாக உட்கார்ந்து பேச ஒரு பெரியவர் வேண்டும். மகாராஷ்டிரம் 2018-ல் ஆதரவற்றோருக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் ஒரு சதவீத இடஒதுக்கீடு கொடுத்தது. இல்லத்தில் வளர்ந்த அம்ருதா கரவந்தே என்ற இளம்பெண் தேர்வில் வென்றும் வேலை மறுக்கப்பட்டதால் நடத்திய போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. பதினெட்டில் இல்லத்தை விட்டு வந்து புனே ரயில் நிலையத்தில் முதல் இரவைக் கழித்தவர் அவர். எல்லாப் பிள்ளைகளிடமும் அவ்வளவு உறுதியை நாம் எதிர்பார்க்கக் கூடாது.

கொரோனா பெருந்தொற்றில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளின் நிலையை எண்ணும்போது இப்படி ஒரு பெரியவரின் தேவை இன்னும் அவசரமாகிறது. 2021 மே மாதம் தமிழக அரசு அவர்கள் பெயரில் 5 லட்சம் ரூபாயை வைப்பில் போடுவதாக அறிவித்தது. பதினெட்டு முடிந்ததும் வட்டியோடு கிடைக்கும். மத்திய அரசின் திட்டத்தில் 23 வயதில் 10 லட்சம் கிடைக்கும். அப்போது பதின்மூன்று வயதில் இருந்தவர்கள் இன்று கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். அத்தனை காலம் எட்டிப் பார்க்காத உறவினர் பணம் கைக்கு வரும் வாரத்தில் வந்து நிற்பார். வியாபாரம், வீட்டு மனை, வெளிநாட்டு வேலை என்று பேச்சு வரும். ஓய்வுபெற்ற ஒரு வங்கி மேலாளர் அந்தப் பிள்ளையோடு அரை மணி நேரம் உட்கார்ந்து, வைப்புத் தொகை என்றால் என்ன, எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொன்னால், அது ஐந்து லட்சத்துக்குச் சமமான உதவி. ஆனால் அந்த அரை மணிப் பேச்சை அந்தப் பிள்ளை நம்ப வேண்டுமானால், அதற்கு முன்பே சில ஆண்டுப் பழக்கம் இருக்க வேண்டும்.

பழக்கத்தின் காலம் பற்றி ஆய்வுகளும் பேசுகின்றன. அமெரிக்காவில் ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் தன்னார்வ வழிகாட்டிகளோடு இணைக்கப்பட்ட பத்து முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட முடிவு இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகள் பிள்ளைகளுக்கு நன்மை செய்தன. மூன்று மாதத்துக்குள் முறிந்தவை அவர்களுடைய தன்மதிப்பைக் குறைத்தன. இது நம்மை யோசிக்க வைக்க வேண்டும். ஏற்கெனவே பலர் விட்டுப்போன பிள்ளைக்கு, ஆர்வமாக வந்து இரண்டு மாதத்தில் காணாமல் போகிறவர் இன்னொரு விட்டுப்போனவர். வந்தால் பட்டம் வாங்கும் வரை வர வேண்டும். முடியாது என்று தோன்றினால் வராமலிருப்பது மேல். சாப்பாடு போடுவதோடு நிறுத்திக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வருகிறவர் செய்ய வேண்டியது பெரும்பாலும் சின்னச் சின்ன வேலைகள். வாரம் ஒருமுறை தொலைபேசி, மாதம் ஒருமுறை நேரில் சந்திப்பு. தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளை நினைவில் வைத்துக்கொள்வது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறுகிறதா, ஏறாவிட்டால் ஆதார் இணைப்பில் கோளாறா என்று பார்ப்பது. கல்லூரி பெற்றோர் கூட்டத்துக்குப் போய் ஒரு நாற்காலியில் உட்காருவது. அப்படி ஒருவர் வந்து உட்காருவது அந்தப் பிள்ளைக்கு என்ன என்பதைப் பெற்றோர் இருந்து வளர்ந்த நம்மால் முழுவதும் உணர முடியுமா என்பது ஐயமே.

செய்யக் கூடாதவையும் உண்டு. இதில் நான் கண்டிப்பாகவே பேச விரும்புகிறேன். பழைய கதையைத் தோண்டக் கூடாது. பிள்ளை தானே சொன்னால் கேட்கலாம். ‘எந்த ஊர், என்ன ஆளுங்க?’ என்று ஆரம்பிக்கும் நம் வழக்கமான விசாரணை இங்கே கூடவே கூடாது. ஸ்ரீரங்கத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மதம் மாற்றவோ தன் மதத்தில் பக்தியை ஏற்றவோ இது இடமில்லை. கைமாற்றாகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் உறவைக் கெடுக்கும். தேவை என்றால் கல்லூரிக்கு நேரடியாகக் கட்டலாம். வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடலாம். பாத்திரம் தேய்க்கவோ மருந்துக் கடைக்கு ஓடவோ வைக்கக் கூடாது. நன்றியை எதிர்பார்க்கக் கூடாது. நம் வீட்டுப் பிள்ளைகள் நமக்கு நன்றி சொல்லிக்கொண்டா இருக்கிறார்கள்? படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது பற்றித் தனியாகவே சொல்கிறேன்: பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. பதினெட்டைத் தாண்டிய பிறகும், தன் கதையை யாரிடம் சொல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்த இளைஞருக்கு மட்டுமே.

நல்ல மனம் மட்டும் போதாது, கண்காணிப்பும் வேண்டும். இல்லத்துப் பிள்ளைகளின் அருகில் வர விரும்புகிற எல்லோரும் நல்லவர்கள் அல்ல. காவல்துறைச் சரிபார்ப்பு, குறுகிய பயிற்சி, மாணவியருக்குப் பெண் வழிகாட்டி, முதல் ஆறு மாதச் சந்திப்புகள் கல்லூரியிலோ இல்லத்திலோதான், பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் காரணம் கேட்காமல் மாற்றித் தருவது ஆகிய ஏற்பாடுகளைத் தனி ஆட்கள் செய்ய முடியாது. ஆட்சியர் அலுவலகத்தின் கீழ் இயங்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு செய்ய வேண்டியது இது. இல்லத்திலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. ‘பதினெட்டுக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்குப் பொறுப்பான பெரியவர் யார்?’ என்ற ஒரு கேள்வியை அதில் சேர்த்து, பதில் வெறுமையாக இருக்கும் கோப்பை மூடக் கூடாது என்று குழந்தைகள் நலக் குழு வைத்துக்கொண்டாலே பாதி வேலை நடந்துவிடும்.

இங்கிலாந்தில் இது சட்டமாகவே இருக்கிறது. பராமரிப்பிலிருந்து வெளியேறும் இளைஞருக்கு உள்ளாட்சி அமைப்பு தனி ஆலோசகர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையை 25 வயது வரை எல்லோருக்கும் நீட்டித்தது. அங்கே அது சம்பளம் வாங்கும் ஊழியரின் வேலை. நம் நாட்டில் தில்லியை மையமாகக் கொண்டு 1994 முதல் இயங்கும் உதயன் கேர் வேறு வழியில் போனது. குழந்தைகளின் சிறு குடும்ப இல்லங்களோடு ‘வழிகாட்டித் தாய்’ என்ற பெயரில் பெண்கள் தன்னார்வமாகப் பல்லாண்டுக்கு இணைகிறார்கள். தமிழ்நாட்டில் அகரம் அறக்கட்டளை 2010 முதல் ‘விதை’ திட்டத்தின் வழியாக ஏழை மாணவர்களுக்குக் கல்லூரிப் படிப்போடு தன்னார்வ வழிகாட்டிகளையும் தருகிறது. அதாவது, இது நம் மண்ணில் நடக்காத காரியம் இல்லை. இல்லங்களிலிருந்து வருகிறவர்களுக்கென்று, மாவட்ட அளவில், அரசின் பொறுப்பில் நடக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பள்ளி முடிந்ததும் கல்லூரிக்கும் திறன் பயிற்சிக்கும் வழி செய்வதாகவும் சொல்கிறது. அந்த வழியில் கூட நடக்க ஆளையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

கல்லூரிகளுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. தூய வளனார், பிஷப் ஹீபர், ஜமால் முகமது, தேசியக் கல்லூரி, ஹோலி கிராஸ், சீதாலட்சுமி ராமசுவாமி, ஸ்ரீரங்கத்து ஆண்டவன் கல்லூரி, துவாக்குடியின் என்.ஐ.டி. என்று இவ்வளவு கல்லூரிகள் நெருங்கி நிற்கும் ஊரில், ஒவ்வொன்றும் ஒரு பேராசிரியரை இந்த மாணவர்களுக்கான பொறுப்பாளராக, மற்ற மாணவர்கள் அறியாதபடி நியமிப்பது கடினமில்லை. விடுமுறையிலும் விடுதியில் ஓர் அறையையும் ஒரு வேளைச் சாப்பாட்டையும் உறுதி செய்வது அதைவிட எளிது. எல்லா விடுதிகளிலும் முடியாவிட்டால், நாலைந்து கல்லூரிகள் சேர்ந்து முறை வைத்துக்கொள்ளலாம்.

இதில் சேர விரும்புகிறவர்களுக்குக் காலம் பற்றி ஒரு வார்த்தை. பிளஸ் டூ முடிவு மே மாதம் வருகிறது. ஜூன், ஜூலைக்குள் சேர்க்கை முடிந்துவிடுகிறது. அந்த நெருக்கடியில் ஒரு புது ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி, ‘இவர் உனக்கு வழிகாட்டி’ என்றால் எந்தப் பிள்ளையும் மனம் திறக்காது. பிளஸ் ஒன் சேரும்போதே இணைப்பு நடக்க வேண்டும். இந்த ஆண்டு பிளஸ் ஒன் சேரும் இல்லத்துப் பிள்ளைகளின் பட்டியலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இப்போதே எடுத்து, ஓய்வூதியர் சங்கங்களையும் குடியிருப்போர் நலச் சங்கங்களையும் கூப்பிட்டுப் பேசினால், அந்தப் பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பம் நிரப்பும் நேரத்தில், எந்தப் பாடம் எடுக்கலாம் என்று கேட்க அவர்களுக்கு இரண்டு ஆண்டுகளாகப் பழகிய ஒரு மாமாவோ அத்தையோ இருப்பார்கள்.